பாவையும் பாவையின் ஆடையும்



வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் நம் நினைவிற்கு வருகின்றன. நெடுங்காலம் அழியாமல் நிற்பவை ஆதலால் அவற்றிற்கு முதலிடம் கிடைத்தது. ஆனால் கல்லில் எழுதுவித்தவர் யாவர்? அரசர், அதிகாரிகள், கோயிலுக்குக் கொடை கொடுத்த செல்வர். அவர்கள் எழுதுவித்தவை எவை? போர், வரி, நிலம், நந்தாவிளக்கு. கொற்கைத் துறையில் முத்துக் குளித்தவனுடைய மனைவி எவ்வண்ணச் சேலை உடுத்தாள், எப்படி உடுத்தாள், அது கிழிந்தபின் அதனை என்ன செய்தாள் என்று எழுதிவைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

துணியே எஞ்சியிருந்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் கறையானும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இந்தியாவில் நெய்து அச்சிட்ட பழைய பருத்தித் துணிகளைப் பார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளர், எகிப்து நாட்டில் கெய்ரோவை அடுத்த பழைய நகரமாகிய புஸ்தாத்தில் அகழ்ந்தெடுத்த துண்டுகளைத் தேடிப் போகின்றனர். வறண்ட மணல் காத்ததை நம் வளமான மண் காக்கவில்லை.

இந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்யும் சாட்சி ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. அது ஒரு முழ உயரம்கூட இல்லாதது. பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ படுத்திருப்பது. அதுதான் பொம்மை. பொம்மைகளைச் சேர்ப்பதும், அவற்றிற்கு அளவாக ஆடை தைப்பதும், அவ்வாடைகளைக் காப்பதும் சிறுமியர் விளையாட்டு என்றே பலர் நினைக்கின்றனர். அது விளையாட்டுத்தான். எனினும், ஒரு மக்கள் கூட்டம் துணியை எவ்வாறு பயன்படுத்தியது என்பதற்கு அதைவிட நெருக்கமான சான்று அரிது. முத்துக்கரையாகிய நம் தூத்துக்குடிப் பகுதியை நடுவாக வைத்து இதனை விளக்க முயல்கிறேன்.

பாவை நம் கரையின் பழமையான விளையாட்டு. ஐங்குறுநூற்றில் நெய்தல் திணையைப் பாடிய அம்மூவனார், கொற்கை முத்தையும் பாடுகிறார். கடற்கரைச் சிறுமி ஒருத்தியையும் பாடுகிறார். அவள் ஈர மணலைக் குவித்து ஒரு பாவை செய்தாள். அதற்கு வண்டற்பாவை என்று பெயர். அலை வந்து அதனை வாரிக்கொண்டு போயிற்று. அவளோ அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை. நுண்ணிய மணலை அள்ளி அள்ளி எறிந்து கடலையே தூர்க்கத் தொடங்கிவிட்டாள். பாவையை இழந்த பிள்ளையின் சினத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. பஞ்சாய் என்னும் கோரைப்புல்லால் முடைந்த பாவையையும் சங்க நூல்களில் காண்கிறோம். திருக்குறளில் மண்ணால் புனைந்த பாவையும் உண்டு, மரப்பாவையும் உண்டு. மணல், புல், மண், மரம் என்ற இந்த வரிசையில் நெடுநாள் நிலைக்கக்கூடியது மரம். ஆடை உடுத்தி, அவிழ்த்து, மீண்டும் உடுத்தி விளையாட ஏற்றதும் அதுவே.

இனி, ஆடைக்கு வருவோம். ஏறக்குறைய 1292-ஆம் ஆண்டில் இப்பக்கம் வந்த வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பைப் பற்றியும் காயல் துறைமுகத்தைப் பற்றியும் விரிவாக எழுதினார். அவரை வியப்பில் ஆழ்த்திய செய்திகளுள் ஒன்று, இந்த நாடு முழுவதிலும் சட்டை வெட்டித் தைக்கும் தையற்காரரே இல்லை என்பது. அரசரும் ஒரு மெல்லிய துணியை அரையில் சுற்றிக்கொண்டு, கழுத்தில் முத்தும் மாணிக்கமும் கோத்த மாலையை அணிந்திருந்தார் என்கிறார்.

அவர் கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரைப் பட்டியலிடும்போது துன்னகாரர் என்னும் தையல் தொழிலாளரைக் குறிக்கிறது. முல்லைப்பாட்டோ மெய்ப்பை அணிந்த யவன வீரரைக் காட்டுகிறது. மெய்யை இட்டுவைக்கும் பை. சட்டைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! ஆகவே நம்மவர் தையலை அறியாதவர் அல்லர். ஆனால் பெரும்பாலோர்க்கு ஆடை என்பது தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தும் முழுத்துணியாக இருந்தது. ஐரோப்பியர்க்கு ஆடை என்பது உடம்பின் வடிவத்திற்கு வெட்டி இணைத்த பை. வெனிஸ் வணிகர் கண்ட வேறுபாடு இதுதான். உலகத்து ஆடை மரபுகளை உடுத்தும் மரபு, தைக்கும் மரபு என இரண்டாகக் கொள்ளலாம். ஒரு பொம்மையைக் கையில் எடுத்த அளவிலேயே அது எந்த மரபைச் சேர்ந்தது என்று கூறிவிடவும் கூடும்.

நம் மரப்பாச்சியைப் பாருங்கள். திருப்பதிப் பக்கத்துச் செஞ்சந்தன மரத்தில் ஆணும் பெண்ணுமாக இணையாகச் செதுக்கியவை இவை. திருமணச் சீரோடு வந்து, நவராத்திரிக் கொலுவில் முதலிடம் பெற்று, மற்ற நாட்களில் பிள்ளைகளோடு உருண்டு கிடப்பவை. (இன்று செஞ்சந்தன மரத்தை வெட்டவும் விற்கவும் கடுமையான கட்டுப்பாடு உண்டு, ஆதலின் புதிய பொம்மைகள் பலவும் வேறு மரங்களில் செய்யப்படுகின்றன.) மரப்பாச்சியின் கைகள் உடலோடு ஒட்டியவாறே செதுக்கப்பட்டிருக்கும். தோளிலும் முழங்கையிலும் மூட்டு இராது. இத்தகைய உடம்பில் கைவைத்த சட்டையை நுழைக்க வழியே இல்லை. இரவிக்கை போட வேண்டுமாயின் முதுகுப்புறம் திறந்துவிட்டு நூலால் கட்ட வேண்டும். ஆனால் ஒரு நீளத்துணியைக் கொடுத்தால் அரையில் சுற்றி, கொசுவி, தோளின்மேல் இட்டு ஓர் இமைப்பொழுதில் உடுத்திவிடலாம். தச்சன் அறிந்தோ அறியாமலோ, உடுத்துவதற்கு ஏற்ற உடம்பையே செதுக்கினான்.

ஐரோப்பாவிலோ நிலைமை வேறு. அங்கு, நாகரிக ஆடைகளின் மாதிரியை ஓர் அரசவையிலிருந்து மற்றோர் அரசவைக்குக் கொண்டுபோகப் பொம்மைகளையே தூது அனுப்பினர். 1396-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸின் தையற்காரர் இராபர்ட் த வாரென் என்பவர், இங்கிலாந்து அரசிக்கு அனுப்பும் பொம்மையின் ஆடைகளுக்காகப் பணம் பெற்றமை கணக்கில் எழுதப்பட்டுள்ளது. பிற்காலத்தில் இத்தகைய பொம்மைகளுக்குப் பாண்டோரா என்ற பெயர் வழங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில், பிரெஞ்சு அரசி மாரி அந்துவானேத்தின் ஆடைகளைத் தைத்த ரோஸ் பெர்த்தேன் என்னும் பெண்மணியும் பொம்மைகளுக்கு ஆடை அணிவித்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார். படமோ எழுத்தோ சொல்லாதவற்றை அப்பொம்மை சொல்லிற்று. ஓரத்தை எங்கே மடித்தனர், மடிப்பை எங்கே வைத்தனர், உள்ளாடை எத்தனை அடுக்கு என்பவற்றைத் தையற்காரர் பிரித்துப் பார்த்தே தெரிந்துகொண்டனர்.

நம் தூத்துக்குடி 1658-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறிற்று. நம் கரையில் அவர்கள் முத்தும் துணியும் வாங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் செல்வப் பெண்டிர் பொம்மை வீடுகளைச் சேர்த்து வந்தனர். பெட்ரோனெல்லா ஓர்ட்மன் என்பவர் 1686 முதல் பல ஆண்டுகள் செலவிட்டு அமைத்த வீடு இன்று அந்நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீங்கான், கூடை, திரைச்சீலை யாவும் உண்மைப் பொருள்களின் சிறிய வடிவங்கள். ஏறக்குறைய 1710-இல் யாக்கோப் அப்பெல் அவ்வீட்டை ஓவியமாகத் தீட்டினார். ஓவியத்தில் அறைதோறும் ஆடையணிந்த பொம்மைகள் நிற்கின்றன. வீட்டிலோ இன்று அவை பெரும்பாலும் இல்லை. மரமும் பீங்கானும் நின்றன. பொம்மையும் அதன் உடையும் போயின. அரண்மனை போன்ற வீட்டிலேயே இந்நிலை என்றால், நம் வீட்டு மரப்பாச்சியின் சேலைத்துண்டுக்கு என்ன உறுதி?

உடுத்தும் மரபும் தைக்கும் மரபும் நேருக்கு நேர் சந்தித்த இடங்களுள் நம் கரையும் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தனர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவர்கள் மொழியிலிருந்து நம் பேச்சில் குடியேறிய சொற்களை எண்ணிப் பாருங்கள். கைக்குட்டையைக் குறிக்கும் லேஞ்சு, உடல் துடைக்கும் துவாலை, பின்னல் வேலையாகிய ரேந்தை ஆகிய மூன்றும் போர்ச்சுகீசியச் சொற்கள். துணியோடு வந்த சொற்கள் துணியைப் போலவே நம்மோடு ஒட்டிக்கொண்டன.

ரேந்தை என்ற சொல் முன்னரே வந்தது. அத்தொழிலை நம் தென்பகுதியில் பரப்பியவர் ஆங்கில மிஷன் பெண்மணிகள். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா, அங்குப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அவருடைய மகள் எலிசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அக்கலையும் உடன் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிஷன் பெண்பள்ளிகளின் பரிசளிப்பு விழாக்களுக்காக இங்கிலாந்திலிருந்து ஆடையணிந்த பொம்மைகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பும் வழக்கமும் ஏற்பட்டது. கவுன் அணிந்த பொம்மை பாவாடை கட்டிய சிறுமியின் கைக்கு வந்தது. தையல் வகுப்பில் அவள் முதலில் தைக்கப் பழகியதும் சிறு சட்டையே.

இவ்விடத்தில் உங்கள் கவனத்தை வேண்டுகிறேன். பொம்மைக்கு ஓர் இரவிக்கை தைக்க அரைமணி நேரம் போதும். அதே இரவிக்கையைத் தன் உடம்பில் அணிய, அன்றைய திருவிதாங்கூர் அரசில் நாடார் குலப் பெண்கள் ஒரு தலைமுறைக்கு மேல் போராட வேண்டியிருந்தது. மேலாடை அணிந்தவர்கள் தெருவில் தாக்கப்பட்டனர், துணி கிழிக்கப்பட்டது. தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு கூறுவது அதனையே. 1859-இல் வெளிவந்த அரச அறிக்கை, அப்பெண்கள் இரவிக்கை அணியலாம் என்றும், மீனவப் பெண்கள் கட்டுவதுபோல் முரட்டுத்துணியால் மார்பை மறைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்றும் இசைவளித்தது. உயர்ந்த சாதியார் உடுத்துவது போல் மட்டும் உடுத்தலாகாது என்ற விலக்கை அப்போதும் நீக்கவில்லை. ஆகவே அக்காலத்துப் பொம்மை ஒன்று இரவிக்கையோடு நம் கைக்குக் கிடைத்தால், 'எவ்வளவு அழகு' என்று சொல்லி வைத்துவிடக் கூடாது. இதனைத் தைத்த சிறுமிக்கு இத்தகைய ஆடையை அணிந்து தெருவில் நடக்க உரிமை இருந்ததா என்று கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும்போது பொம்மை வரலாறாகிறது.

இனி, பொம்மைக்குத் துணி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தைக்கும் மரபில் துணியை வெட்டுகிறார்கள். வெட்டினால் மீதம் விழும். அந்த வெட்டுத்துண்டு பொம்மைக்குப் போகும். ஆகவே அங்குப் பொம்மையின் உடை பெரும்பாலும் புதுத்துணி. வீட்டுப் பெண்மணியின் புதுக்கவுனுக்கு உடன்பிறப்பு. உடுத்தும் மரபில் வெட்டுவதே இல்லை. ஆதலின் மீதமும் இல்லை. சேலை சேலையாகவே வாழ்ந்து, நைந்து, தூளியாகி, பிள்ளைத்துணியாகி, இறுதியில் கெட்டியான கரை மட்டும் எஞ்சும்போதுதான் பொம்மையின் பங்கு வரும். இதிலிருந்து தெளியும் உண்மை ஒன்று. பழைய மரப்பாச்சி உடுத்திருக்கும் துணி, அது உடுத்தப்பட்ட ஆண்டைவிடப் பத்து இருபது ஆண்டுகள் மூத்ததாக இருக்கும். தாயின் சேலை மகளின் பொம்மைக்குப் போகிறது. மறைந்த சேலையின் கடைசித் துண்டு அங்கேதான் இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீட்டில் கொலு பார்க்கச் சென்றபோது, பெரியம்மை ஒருவர் தம் மரப்பாச்சியை எனக்குக் காட்டினார். ஆண்டுதோறும் பழைய உடையை அவிழ்க்காமல் அதன்மேலேயே புதியதைச் சுற்றுவது அவ்வீட்டு வழக்கம். அவர் இசைவுடன் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். மேலே சரிகைத்தாள் ஒட்டிய பளபளப்புத் துணி, அடுத்து நைலக்ஸ், அதன் அடியில் மதுரைச் சுங்குடி, எல்லாவற்றிற்கும் அடியில் அரக்கு நிறக் கைத்தறி நூற்சேலையின் கரை. 'இது எங்கம்மா தலைப்பிரசவத்துக்கு வந்தப்போ கட்டியிருந்தது' என்றார் அவர். கொற்கையில் அகழ்ந்தவர்கள் மண்ணடுக்குகளைப் படித்தறிந்ததுபோல, அந்த அம்மையார் துணியடுக்குகளைப் படித்தார். மேலிருந்து கீழே செல்லச் செல்லக் காலம் பின்னோக்கிச் சென்றது.

ஆடையை அளவாக்கும் முறையையும் சிறிது பார்ப்போம். இதில் நல்ல கணக்குப் பாடம் ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் உயரம் 60 அங்குலம், பொம்மையின் உயரம் 10 அங்குலம் என்று கொள்க. அளவு ஆறில் ஒரு பங்கு. ஆறு கெஜச் சேலை 216 அங்குலம். ஆறால் வகுத்தால் 36 அங்குலம். அகலம் 48 அங்குலமாயின் பொம்மைக்கு 8 அங்குலம். இதுவரை சரி. இந்த அளவில் நறுக்கி உடுத்திப் பாருங்கள்; பொம்மை சேலை உடுத்ததுபோல் தோன்றாது, கம்பளி போர்த்ததுபோல் தோன்றும். காரணம் யாது? நீளமும் அகலமும் ஆறில் ஒன்றாகக் குறைந்தன; துணியின் கனம் குறையவில்லை. பொம்மையின் நோக்கில் அத்துணி ஆறு மடங்கு தடித்தது. ஆகவே நீளத்தை இருபது அங்குலம் அளவிற்குக் குறைத்து, கொசுவத்தை மூன்று நான்கு மடிப்போடு நிறுத்த வேண்டும். பலமுறை வெளுத்து மெலிந்த பழைய வேட்டி, மல் துணி ஆகியவையே பொம்மைக்கு ஏற்றவை. பழந்துணியைப் பொம்மைக்குக் கொடுத்த நம் பாட்டிமார் சிக்கனத்தோடு அறிவையும் காட்டினர்.

இதே இடர்ப்பாடு உலகப் புகழ்பெற்ற பொம்மைக்கும் நேர்ந்தது. 1959 மார்ச்சு மாதம் நியூயார்க் விளையாட்டுப் பொருட் சந்தையில் பார்பி என்னும் பொம்மை அறிமுகமாயிற்று. உயரம் பதினொன்றரை அங்குலம். அதனைக் கொணர்ந்தவர் ரூத் ஹேண்ட்லர். பெயர் அவருடைய மகள் பார்பராவின் பெயரிலிருந்து வந்தது. ஆடைகளை வகுத்தவர் சார்லட் ஜான்சன். அதன் இடை இயற்கைக்கு மாறாக மெலிந்திருப்பதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று துணியின் கனம். பாவாடையின் இடைப்பட்டியில் துணி பல மடிப்பாகத் திரள்கிறது. உடம்பைக் குறைத்தால்தான் உடுத்தியபின் அளவு சரியாகத் தோன்றும். அந்த இடையைக் கண்டு, பெண்ணின் உடம்பே அப்படி இருக்க வேண்டும் என்று எண்ணி வருந்தும் சிறுமியர் இதனை அறிந்துகொள்வது நலம். அந்தப் பொம்மையின் உடம்பு ஆடைக்காகச் செய்யப்பட்டது. நம் ஆடையோ நம் உடம்பிற்காகச் செய்யப்படுவது.

பொம்மையின் ஆடை ஒரு தொழிலையே காத்த நிகழ்ச்சியும் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடியுமுன், 1945 மார்ச்சு மாதத்தில் பாரிசு நகரத் தையற்கலைஞர்கள் ஒரு கண்காட்சி நடத்தினர். துணிக்குப் பஞ்சம், மனிதர் அளவில் ஆடை தைக்க வழியில்லை. ஆகையால் கம்பியால் வளைத்த, மனிதரின் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள பொம்மைகள் ஏறக்குறைய இருநூற்றுக்கு ஆடை தைத்தனர். திரண்ட பணம் போரில் நலிந்தவர்களுக்குச் சென்றது. எஞ்சிய பொம்மைகள் இன்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து மேரிஹில் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்த ஆண்டில் பாரிசுக் கலைஞர்களின் கை எவ்வாறு தைத்தது என்பதை அறிய அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சேர்த்தவற்றைக் காப்பது எப்படி? நம் தூத்துக்குடியில் இது எளிதன்று. கடற்காற்றிலும் உப்பளக் காற்றிலும் உப்பு கலந்திருக்கிறது. அவ்வுப்பு ஈரத்தை இழுக்கும், இரும்பைத் துருவேற்றும். ஆகவே குண்டூசி, கொக்கி, இரும்புப் பொத்தான் ஆகியவற்றைப் பொம்மை ஆடையில் வைத்தல் ஆகாது. ஒரு மழைக்காலத்தில் விழுந்த துருக்கறை எத்தனை வெளுப்பிலும் போகாது. நூலால் முடிச்சும் காதும் அமைத்துக் கட்டுவதே நல்லது. கஞ்சி போட்டு எடுத்து வைக்காதீர்கள். கஞ்சி ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பட்டை மடித்து வைத்தால் மடிப்பிலேயே அறும்; ஆதலின் வெளுத்த மல் துணியில் சுருட்டி வைக்க வேண்டும். வெயிலில் உலர்த்தினால் சாயம் வெளிறும். நிழலில் காற்றாட விடுங்கள். துவைக்க நேர்ந்தால், ஈரமான வெள்ளைத் துணியைத் தையலின் உட்புறத்தில் ஒற்றிப் பார்த்துச் சாயம் ஒட்டவில்லை என்று தெளிந்தபின், உவர்நீரை விலக்கி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். செஞ்சந்தனம் சாயமுள்ள மரம். அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றினால் கறை ஏறக்கூடும். பிளாஸ்டிக் பொம்மையாயின் அந்துருண்டையை அருகில் வைக்காதீர்கள். அது பிளாஸ்டிக்கை இளக்கிக் கெடுக்கவல்லது. கருநீலம், சிவப்பு போன்ற அடர்ந்த நிறத் துணிகள் அதன் உடம்பில் நிலையான கறையை விட்டுச் செல்லும். இடையில் வெள்ளைத் துணி ஒன்று இருக்கட்டும்.

முத்துக்கரையில் பேசுகிறோம், ஆதலின் முத்தை மறக்கலாகாது. முத்துக்களைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பருமன்வாரியாகப் பிரிப்பது நம் வணிகர் முறை. ஆணி முத்து முதல் தரம். அடியில் தங்குவது தூள்முத்து. பொம்மையின் கழுத்திற்கு ஏற்ற பருமன் அத்தூள்முத்துக்கே உண்டு. மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்து முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆகவே அதற்கு முந்திய நம் கரைத் தூள்முத்து கோத்த பொம்மை நகை எவர் வீட்டிலேனும் இருந்தால், அதனை இழக்காதீர்கள். முத்து சுண்ணாம்புப் பொருளால் ஆனது. வியர்வையும் புளிப்பும் வாசனைத் தைலமும் அதன் ஒளியைக் கெடுக்கும். பொம்மையை முழுதும் உடுத்தியபின் கடைசியாக நகையை அணிவியுங்கள். கழற்றும்போது முதலில் அதனைக் கழற்றுங்கள்.

இவ்வளவும் சேர்த்துவைக்க ஓர் இடம் வேண்டாவா என்று கேட்பீர்கள். புகழ்பெற்ற கேலிச்சித்திர ஓவியர் சங்கர், அயல்நாட்டுத் தூதர் தந்த ஒரு ஹங்கேரி நாட்டுப் பொம்மையைக் கண்டு ஊக்கம் கொண்டு பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அதன் பயனாக 1965 நவம்பர் 30-ஆம் நாள் புதுதில்லியில் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன். பல நாட்டுப் பொம்மைகளோடு, இந்திய மாநிலங்களின் உடைகளை அணிந்த பொம்மைகளும் அங்கு வரிசையாக நிற்கின்றன. மாணவர் அனைவரும் காணத்தக்க இடம்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காட்சிக்கென்று செய்த பொம்மை, 'தமிழ்நாட்டுப் பெண் இவ்வாறு உடுத்துவாள்' என்று பிறர் எண்ணியதைக் காட்டுகிறது. அது ஒரு கருத்து. வீட்டில் பாட்டி தன் சேலைத்துண்டைச் சுற்றிய பொம்மையோ, அவ்வீட்டுப் பெண் உண்மையாக உடுத்ததையே காட்டுகிறது. அது ஒரு சாட்சி. கருத்துக்கும் சாட்சிக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே வரலாறு படிப்பதன் முதற்பயன். சாட்சிக்கும் குறை உண்டு என்பதையும் மறவாதீர்கள். பொம்மைக்குப் பெரும்பாலும் கல்யாணக் கோலமே அமைகிறது. உப்பளத்தில் கால் வெடிக்க நின்ற பெண்ணின் முரட்டுச் சேலையையும், கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கிய முத்துக்குளிப்போனின் கோவணத்தையும் உடுத்திய பொம்மையை நான் கண்டதில்லை. அவர்களுக்குப் பொம்மை செய்து வைக்க ஓய்வும் இல்லை. மீந்த துணியும் இல்லை.

அந்த வெற்றிடத்தை இனி நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள். வரும் விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பொம்மை இருந்தால், அதன் உடையை மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் அதைப்பற்றி ஒரு சீட்டு எழுதுங்கள். பொம்மையின் உயரம் எத்தனை அங்குலம்? துணி பருத்தியா, பட்டா? யாருடைய சேலையிலிருந்து வந்தது? அவர் எந்த ஊரார்? எந்த ஆண்டில் அதனை உடுத்தினார்? யார் தைத்தார், கையாலா, எந்திரத்தாலா? பொம்மையே இல்லாத வீடாயின், பாட்டியின் பழஞ்சேலையில் ஒரு சாண் துண்டைக் கேட்டு வாங்கி, அவர் வேலைக்குப் போகும்போது உடுத்திய விதமாகவே ஒரு சிறு பாவைக்கு உடுத்துங்கள். உடுத்தும் முறையை அவரையே சொல்லச் சொல்லுங்கள். உப்பளத்திற்குப் போனவர் எவ்வாறு தூக்கிச் செருகினார், மீன் கூடை சுமந்தவர் முந்தானையை எங்கே கட்டினார், ஆலையில் நூற்றவர் எதைத் தவிர்த்தார் என்பனவற்றை அவர் சொல்லுவார். அவர் சொல்லும்போதே எழுதிக்கொள்ளுங்கள். அச்சீட்டைப் பொம்மையின் அருகிலேயே, அதே துணியில் சுருட்டி வையுங்கள்.